பெயர் தெரிந்துவிட்டால் போதுமா? அமெரிக்கத் தேர்தல் நிதி குறித்து ஒரு மறுப்பு

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் முழுதும் வாசித்துவிட்டு மறுக்குமாறு வேண்டுகிறேன்.)

கடந்த வாரம் எங்கள் துறையில் தேர்தல் சீர்திருத்தம் குறித்து ஒருநாள் கருத்தரங்கு நடைபெற்றது. முற்பகல் அமர்வில் மூத்த பேராசிரியர் ஒருவர், "அமெரிக்காவைப் பாருங்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒரு பள்ளி மாணவன்கூடத் தேடிப் பார்த்துவிடலாம். தேர்தலில் பணத்தைத் தடுக்க எவராலும் இயலாது. பெயரை வெளியிட வைக்கலாம். நமக்கும் அதுவே வழி" என்றார். அரங்கம் கைதட்டியது. பிற்பகல் அமர்வில் இளம் ஆய்வாளர் ஒருவர், "அமெரிக்கத் தேர்தல் என்பதே ஒரு ஏலம், அதிகத் தொகை கேட்டவருக்கு நாற்காலி" என்றார். அரங்கம் அதற்கும் கைதட்டியது.

ஒன்றையொன்று மறுக்கும் இரு கூற்றுகளை ஒரே அவை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டதென்றால், அந்த அவை எதையும் ஆராயவில்லை என்றே பொருள். கேள்வி நேரம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டதால், அங்கே சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன். இரண்டு கூற்றுகளும் தவறு என்பது என் வாதம். முதலாவது ஆபத்தான தவறு. இரண்டாவது சோம்பலான தவறு.

முதலில் ஓர் ஒப்புதல். பேராசிரியர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒரு தேர்தல் சுற்றில் ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், தொழில், பணியிடம் ஆகியவற்றைக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. ஆய்வேட்டுக்காக அந்த அட்டவணைகளோடு பல மாதங்களைக் கழித்தவன் நான். முதன்முறை அவற்றைத் திறந்தபோது, இப்படியும் ஒரு நாடு இருக்கிறதே என்று வியந்ததும் உண்டு. அந்த வியப்பிலிருந்து வெளிவர எனக்கு நெடுநாள் ஆயிற்று. ஆகவே இந்த மறுப்பில் ஒரு பகுதி எனக்கு நானே எழுதிக்கொள்வது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனங்கள் 1904 ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் பங்குதாரர்களின் பணத்தை இரகசியமாகச் செலவிட்டது அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. அதன் விளைவாக 1907 இல் டில்மன் சட்டம் வந்தது. கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளர்களுக்கு நிறுவனங்கள் நேரடியாக நன்கொடை தருவதை அது தடைசெய்தது. தொழிற்சங்கங்களுக்கும் அத்தடை 1947 இல் நிலையாக விரிவாக்கப்பட்டது. ஆனால் சட்டத்தைச் செயல்படுத்த ஓர் அமைப்பு இல்லாததால் இவை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றன. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1974 இல், உண்மையான கட்டுப்பாடு வந்தது. தனிநபர் நன்கொடைக்கு ஓர் உச்சவரம்பு. வேட்பாளர் செலவுக்கு ஓர் உச்சவரம்பு. வேட்பாளருடன் தொடர்பின்றித் தாமாகச் செலவு செய்வோருக்கும் ஓர் உச்சவரம்பு. வேட்பாளர் தம் சொந்தப் பணத்தைச் செலவிடுவதற்கும் ஓர் உச்சவரம்பு. அதிபர் தேர்தலுக்கு அரசு நிதி. இவற்றைக் கண்காணிக்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம். நான்கு சுவர்களும் ஒரு கூரையும் கொண்ட வீடு அது என்று வைத்துக்கொள்ளலாம்.

1976 சனவரி 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பக்லி எதிர் வலேயோ வழக்கில் ஒரு சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் இடித்தது. நன்கொடை உச்சவரம்பு செல்லும். செலவு உச்சவரம்புகள் எவையும் செல்லா. நன்கொடையில் கொடுக்கல் வாங்கலுக்கு இடமுண்டு, ஆகவே அதைக் கட்டுப்படுத்தலாம். செலவு என்பதோ பேச்சு, அதைக் கட்டுப்படுத்தினால் பேச்சைக் கட்டுப்படுத்தியதாகும் என்றது நீதிமன்றம். தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் ஓர் ஒப்புமையும் தரப்பட்டது: விரும்பிய தூரம் வண்டி ஓட்டலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளலாம் என்றால் அது சுதந்திரமாகுமா?

இவ்வொப்புமையை நம் மாணவர்கள் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். சாலையில் ஒருவர் மட்டும் ஓட்டுவதாக அது கற்பனை செய்கிறது. தேர்தல் அப்படிப்பட்ட சாலையன்று. ஒருவரிடம் ஆயிரம் வண்டிகளும் மற்றவரிடம் ஒரு மிதிவண்டியும் இருக்கும்போது, முன்னவருடைய பெட்ரோலுக்கு வரம்பு விதிப்பது பின்னவர் சாலையில் நகர்வதற்கான நிபந்தனை. ஆனால் சிலரின் குரலை அடக்கி மற்றவரின் குரலை உயர்த்தும் முயற்சி முதல் சட்டத்திருத்தத்திற்கே அந்நியமானது என்று அத்தீர்ப்பு அறிவித்துவிட்டது. சமத்துவம் என்ற நோக்கமே அன்று சட்டத்திற்கு வெளியே தள்ளப்பட்டது. பின்னர் வந்தவை அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தின் பிள்ளைகள்.

நீதிபதி வைட் செலவு வரம்புகளைக் காக்க வேண்டுமென்றார். தர்குட் மார்ஷல், வேட்பாளரின் சொந்தப் பணத்திற்கான வரம்பையாவது காக்க வேண்டுமென்றார். பணம் என்பது சொத்து, அது பேச்சு அன்று என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் 2000 ஆம் ஆண்டு ஒரு வழக்கில் எழுதினார். எதிர்க்குரல்கள் இருந்தன, பெரும்பான்மை இல்லை.

நம் கருத்தரங்குகளில் 2010 ஆம் ஆண்டின் சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பே எல்லாத் தீமைக்கும் மூலம் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. இது காலக்கணக்குப் பிழை மட்டுமன்று. நோயை மாற்றிக் கண்டறிவதாகும். அளவற்ற செலவுக்கான கதவு தனிநபர்களுக்கு 1976 இலேயே திறந்துவிட்டது. 2010 சனவரியில், 5க்கு 4 என்ற கணக்கில், அதே கதவு நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஸ்பீச்நவ் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த படியை எடுத்தது. தனித்துச் செய்யும் செலவில் ஊழல் இல்லையென்றால், தனித்துச் செலவிடும் குழுவுக்குக் கொடுக்கும் நன்கொடையிலும் ஊழல் இருக்க முடியாது. ஆகவே அதற்கும் உச்சவரம்பு கூடாது. இப்படிப் பிறந்தவைதாம் சூப்பர் பேக் என்னும் குழுக்கள்.

விளைவு என்ன? 2024 தேர்தலில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர் மட்டுமே தரலாம். அவரே அந்த வேட்பாளருக்காக இயங்கும் சூப்பர் பேக்கிற்கு 10 கோடி டாலரும் தரலாம். முன்னதில் ஊழல் அபாயம் இருக்கிறதாம், பின்னதில் இல்லையாம். வாசற்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைச் சுவரையே எடுத்துவிட்ட வீட்டை நாம் பாதுகாப்பான வீடு என்று சொல்வதில்லை.

'தனித்து' என்ற சொல்லின் நிலையையும் பார்க்க வேண்டும். வேட்பாளரோடு கலந்து பேசாமல் செலவிடுவதால்தான் அதில் பேரம் இல்லை என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். ஆனால் இக்குழுக்கள் பலவற்றை நடத்துவோர் அந்த வேட்பாளரிடமே முன்பு பணியாற்றியவர்கள். 2024 மார்ச்சில் தேர்தல் ஆணையம், வீடுவீடாகச் சென்று வாக்குச் சேகரிக்கும் பணியில் வேட்பாளரும் சூப்பர் பேக்கும் கலந்தாலோசிக்கலாம் என்று கருத்துரை வழங்கியது. அதே ஆண்டு டிரம்ப்பின் களப்பணியில் பெரும்பகுதியை எலான் மஸ்க் நிதியளித்த அமெரிக்கா பேக் மேற்கொண்டது. அத்தேர்தலில் மஸ்க் செலவிட்டது 25 கோடி டாலருக்கும் மேல். 2025 சனவரியில் அவர் அரசின் செலவுக் குறைப்பு முயற்சிக்குத் தலைமையேற்றார். இதில் பேரம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கான சான்று என்னிடம் இல்லை. பேரம் என்ற சொல்லே தேவையற்றுப்போன ஓர் அமைப்பு இது என்று மட்டும் சொல்கிறேன்.

இனிப் பேராசிரியரின் வாதத்திற்கு வருகிறேன். பெயர் வெளியானால் போதும் என்கிறார் அவர். சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடியும் இதையேதான் நம்பினார். இணையக் காலத்தில் விவரங்கள் உடனுக்குடன் வெளிவரும், வாக்காளரும் பங்குதாரரும் அதைக் கொண்டு முடிவெடுப்பர் என்றார். வெளிப்படுத்தும் விதிகளை ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஏற்றனர். நடந்தது என்ன?

ஒன்று. வரிச்சட்டத்தின் 501(சி)(4) பிரிவின் கீழ் வரும் 'சமூக நல' அமைப்புகள் தம் நன்கொடையாளர் பெயரைப் பொதுவில் வெளியிட வேண்டியதில்லை. ஒரு செல்வந்தர் அத்தகைய அமைப்புக்குக் கொடுக்கலாம். அவ்வமைப்பு சூப்பர் பேக்கிற்குக் கொடுக்கலாம். அட்டவணையில் அமைப்பின் பெயர் இருக்கும், செல்வந்தரின் பெயர் இராது. இந்த ஓட்டையை அடைக்கும் சட்டமுன்வடிவு 2010 இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. செனட்டில் தேவையான 60 வாக்குகள் கிட்டாமல் வீழ்ந்தது. 2022 இலும் அதே செனட்டில் அதே முயற்சி அதே முடிவைக் கண்டது.

இரண்டு. காலம். தேர்தலுக்கு முந்தைய கடைசி அறிக்கைக்கான கெடு கடந்தபின் ஒரு குழுவைத் தொடங்கினால், எவ்வளவு செலவிட்டது என்பதை உடனே சொல்ல வேண்டும். யார் கொடுத்தார் என்பதை வாக்குப்பதிவு முடிந்த பிறகு சொன்னால் போதும். கண்கெட்ட பிறகு சூரிய வணக்கம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

மூன்று. காவலாளி. ஆணையத்தில் ஆறு உறுப்பினர்கள். ஒரு கட்சியைச் சேர்ந்தவர் மூவருக்கு மேல் இருக்கலாகாது. எந்த நடவடிக்கைக்கும் நான்கு வாக்குகள் வேண்டும். எந்தக் கட்சியும் ஆணையத்தைக் கைப்பற்றிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கில் செய்யப்பட்ட ஏற்பாடு, மூன்றுக்கு மூன்று என்று முட்டிக்கொண்டு நிற்பதில் முடிந்தது. அந்த நான்கு பேர்கூட இல்லாத காலங்களும் உண்டு. 2020 நவம்பரில் அமெரிக்கா அதிபரைத் தேர்ந்தெடுத்த நாளில் ஆணையத்திற்குக் கூட்டம் நடத்தும் அளவுக்கு உறுப்பினர்கள் இல்லை. 2025 மே மாதத்தில் மீண்டும் அதே நிலை வந்தது.

இம்மூன்றும் சரிசெய்யக்கூடிய குறைகள்தாமே, சரிசெய்தால் வெளிப்படைத்தன்மை வேலை செய்யுமே என்று பேராசிரியர் மறுமொழி கூறலாம். நியாயமான மறுமொழி. ஆகவே எதுவுமே மறைக்கப்படாத ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். என் வாதம் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

2024 இல் கிரிப்டோ நாணயத் துறைக்காக ஃபேர்ஷேக் என்ற சூப்பர் பேக் இயங்கியது. காயின்பேஸ், ரிப்பிள், ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் ஆகிய நிறுவனங்களே அதன் பெரும் நன்கொடையாளர்கள். பெயர்கள் மறைக்கப்படவில்லை, ஆணையத்தின் அட்டவணையில் எவரும் காணலாம். கலிபோர்னியாவில் செனட் வேட்பாளருக்கான முதனிலைத் தேர்தலில் கேட்டி போர்ட்டருக்கு எதிராக அதன் செலவு ஏறத்தாழ 1 கோடி டாலர். ஓஹையோவில் செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்த ஷெரோட் பிரவுனை வீழ்த்த அதுவும் அதன் துணைக் குழுக்களும் செலவிட்டது ஏறத்தாழ 4 கோடி டாலர். இருவரும் தோற்றனர். அவர்கள் தோற்றதற்குப் பணம் மட்டுமே காரணம் என்று கூற மாட்டேன்; ஓஹையோ பல ஆண்டுகளாகவே குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துவரும் மாநிலம். நான் சுட்டுவது வேறொன்றை. அவ்விளம்பரங்கள் கிரிப்டோவைப் பற்றிப் பேசவில்லை. போர்ட்டரின் நேர்மை பற்றியும் மற்ற தேர்தல்களில் வேறு வேறு பொருள்கள் பற்றியும் பேசின. பணம் கொடுத்தவரின் நோக்கம் ஒன்று. வாக்காளர் கேட்ட பேச்சு மற்றொன்று.

செலவு என்பது பேச்சு என்ற கோட்பாட்டை இங்கே வைத்துப் பாருங்கள். பேசுபவர் தம் கருத்தைப் பேசவில்லை. கேட்பவர் அவர் கருத்தைக் கேட்கவும் இல்லை. அப்படியானால் அந்தக் கோடிகள் யாரிடம் பேசின? அவைக்குள் இருக்கும் மற்ற உறுப்பினர்களிடம் பேசின. எங்கள் துறையை எதிர்த்தால் உங்கள் தொகுதியிலும் இது நடக்கும் என்ற செய்தி, விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லாமலே உரியவர்களைச் சென்று சேர்ந்தது. 2025 சூலையில், அத்துறை வேண்டிநின்ற ஸ்டேபிள்காயின் சட்டம் இரு கட்சியினரின் ஆதரவோடு நிறைவேறிக் கையெழுத்தும் ஆனது. அச்சட்டம் நல்லதா தீயதா என்பது தனி விவாதம். அவ்விவாதம் வாக்காளர் முன் ஒருநாளும் நடக்கவில்லை என்பதே என் முறையீடு. பெயர்கள் அனைத்தும் தெரிந்திருந்தன, தெரிந்தும் பயனில்லை. வெளிப்படைத்தன்மை தன் முழு வலிமையோடு இயங்கிய இடத்திலேயே அது தோற்றிருக்கிறது.

இனி 'ஏலம்' என்ற இளம் நண்பரின் கூற்று. எளிதில் உடையும் வாதத்தை நம் தரப்பு வைக்கக் கூடாது. 2020 இல் மைக்கேல் புளூம்பெர்க் தம் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவிட்டு, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் அமெரிக்க சமோவா என்ற தீவுப் பகுதி ஒன்றில் மட்டுமே வென்றார். 2016 இல் ஹிலாரி கிளிண்டன் தரப்பு டிரம்ப் தரப்பைவிட அதிகம் செலவிட்டுத் தோற்றது. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதித் தேர்தலில் மஸ்க்கும் அவர் சார்ந்த குழுக்களும் 2 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஆதரித்த வேட்பாளர் ஏறத்தாழ 10 விழுக்காடு வேறுபாட்டில் தோற்றார். அமெரிக்க வாக்காளர் விலைபோகும் சரக்கு அல்லர். அவரை அப்படிச் சித்தரிப்பது, வாக்குக்குப் பணம் என்ற ஒற்றை வரியில் நம் நாட்டு ஏழை வாக்காளரை இகழும் அதே மேட்டிமைத்தனத்தின் மறுபதிப்பு.

அப்படியானால் பணம் என்ன செய்கிறது? வாக்குச்சீட்டு அச்சாவதற்கு முன்பே அது தன் வேலையை முடித்துவிடுகிறது. யார் நிற்கலாம், எதைப் பேசலாம், எதைப் பேசாமல் இருப்பது நலம் என்பவை அங்கே தீர்மானமாகின்றன. பிரதிநிதிகள் அவை உறுப்பினர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கிறார். வென்ற மறுநாளே அடுத்த தேர்தலுக்கான நிதி திரட்டலைத் தொடங்குகிறார். நாள்தோறும் பல மணிநேரம் தொலைபேசியில் நன்கொடை கேட்கிறார். அவர் பேசும் மக்கள் யார்? கொடுக்கக்கூடிய மக்கள். ஆண்டுக்கணக்கில் அவர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அவர்களின் கவலையே நாட்டின் கவலையாகத் தெரியத் தொடங்குவதில் வியப்பில்லை. கையூட்டு வாங்காமலே ஒருவர் மாறிப்போகும் வழி இது.

சட்ட அறிஞர் லாரன்ஸ் லெசிக் இதற்கு வரலாற்றிலிருந்து ஓர் ஒப்புமை காட்டுகிறார். டெக்சாஸ் மாநிலம் 1923 இல் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பின மக்கள் வாக்களிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களிக்க ஏட்டளவில் தடையில்லை. ஆனால் அந்தக் கட்சி மட்டுமே வெல்லும் மாநிலத்தில், முதனிலையில் வடிகட்டிய பிறகு பொதுத்தேர்தலில் தேர்ந்தெடுக்க என்ன மிச்சம்? சட்டத்தை நீதிமன்றம் நீக்கியபோது கட்சியே அதே விதியை வகுத்துக்கொண்டது. 1944 இல்தான் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று நிறத்தின் இடத்தில் பணம் வடிகட்டுகிறது. இரு கொடுமைகளும் ஒரே அளவினவல்ல. நிறவெறியின் வன்முறைக்கு இணை கூறுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இரண்டின் கட்டமைப்பும் ஒன்றே: முதல் வாசலில் சிலர், இரண்டாம் வாசலில் அனைவரும்.

இதோடு தேர்தல் முறையின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. அதிபரைத் தேர்ந்தெடுப்பவை 538 தேர்வாளர் வாக்குகள். 270 கிடைத்தால் வெற்றி. இரண்டு மாநிலங்கள் நீங்கலாக, மாநிலத்தில் முந்துபவருக்கே அதன் வாக்குகள் அனைத்தும். 2024 இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு மாநிலங்களே களமாயின. பணமும் அங்கேயே குவிந்தது. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் டெக்சாசிலும் நிதி திரட்டப்படும், பென்சில்வேனியாவில் செலவாகும். அந்தப் பெரு மாநிலங்களின் சாதாரண வாக்காளர் பணத்துக்கும் வேண்டாதவர், வாக்குக்கும் வேண்டாதவர். நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவர் 2000 இலும் 2016 இலும் அதிபராகவில்லை என்பதை நாம் அறிவோம். அளவற்ற பணத்திற்குக் குறுகிய களத்தைப்போல் வசதியானது வேறில்லை.

நீதிமன்றமோ 'ஊழல்' என்ற சொல்லையே ஆண்டுக்காண்டு சுருக்கி வருகிறது. 2014 இல் மெக்கட்சன் வழக்கில், ஒருவர் ஒரு சுற்றில் எல்லா வேட்பாளர்களுக்கும் கட்சிகளுக்கும் சேர்த்துத் தரக்கூடிய மொத்தத் தொகைக்கான உச்சவரம்பு நீக்கப்பட்டது. கொடுத்ததற்கு நேர்மாற்றாக ஒன்றைப் பெறுவது மட்டுமே ஊழல். நெருக்கமும் அணுக்கமும் ஊழலாகா என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். 2016 இல் வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் மெக்டொனல் 1,75,000 டாலருக்கு மேற்பட்ட பரிசுகளும் கடன்களும் பெற்ற வழக்கில், ஒரு தொழிலதிபருக்காகச் சந்திப்புகளை ஏற்பாடு செய்வது மட்டும் 'அலுவல்சார் செயல்' ஆகாது என்று கூறி, அவர் மீதான தண்டனைத் தீர்ப்பு ஒருமனதாக நீக்கப்பட்டது. 2024 இல் ஸ்னைடர் வழக்கில், மாநில, உள்ளூர் அலுவலர் வேலையை முடித்துக்கொடுத்த பின் பெறும் அன்பளிப்பு, கூட்டாட்சிக் கையூட்டுச் சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவில் அடங்காது என்றது பெரும்பான்மை. ஊழலைக் குறைக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, ஊழலைத் தடுப்பது. மற்றொன்று, அகராதியைத் திருத்துவது.

கட்சிச் சார்பாக இதைப் படிக்க விரும்புவோருக்கும் ஒரு சொல். இது குடியரசுக் கட்சியின் நோய் மட்டுமன்று. வாட்டர்கேட்டுக்குப் பின் உருவான அரசு நிதித் திட்டத்தைப் பொதுத்தேர்தலில் மறுத்த முதல் பெருங்கட்சி வேட்பாளர் 2008 இல் பராக் ஒபாமா. அந்த ஆண்டு ஏறத்தாழ 8.4 கோடி டாலர் அரசு நிதியை ஏற்று, அதற்கான செலவு வரம்புக்கும் கட்டுப்பட்டவர் ஜான் மெக்கெய்ன். நிதிச் சீர்திருத்தத்திற்காகத் தம் கட்சித் தலைமையோடு மோதியவரும் அவரே. அதன்பின் இரு கட்சி வேட்பாளர்களும் அந்நிதியைத் தொடுவதில்லை. நமக்குப் பிடித்தவர் உடைக்கும்போது கண்டுகொள்ளாத விதி, நமக்குப் பிடிக்காதவர் வரும்போது நம்மைக் காக்க எழுந்து நிற்காது.

இதற்கு மாற்றே இல்லையா? உண்டு, அமெரிக்காவிலேயே உண்டு. சியாட்டில் நகரில் 2015 இல் வாக்காளர்களே ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி, நகரவாசி ஒவ்வொருவருக்கும் தலா 25 டாலர் மதிப்புள்ள நான்கு சீட்டுகள் தரப்படுகின்றன. விரும்பும் நகர வேட்பாளருக்கு அவற்றை அளிக்கலாம். நியூயார்க் நகரில் தகுதியுள்ள சிறு நன்கொடை ஒரு டாலருக்கு நகரம் எட்டு டாலர் வரை சேர்க்கிறது. மெய்ன் மாநிலத்தில் 1996 முதலே தூய்மைத் தேர்தல் சட்டம் உண்டு. 2024 நவம்பரில் அதே மாநிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள், சூப்பர் பேக்குகளுக்கான நன்கொடையை 5,000 டாலராக வரம்பிட வாக்களித்தனர். அது இப்போது வழக்கில் சிக்கியிருக்கிறது. மாண்டானாவின் கதை இன்னும் கூர்மையானது. செப்புச் சுரங்க முதலாளிகள் சட்டமன்றத்தையே விலைக்கு வாங்கிய அனுபவத்தால், 1912 இல் மக்களே வாக்களித்து நிறுவனப் பணத்தைத் தேர்தலிலிருந்து விலக்கினர். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2012 இல், உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம்கூடக் கேளாமல் அச்சட்டத்தை வீழ்த்தியது. மக்கள் விரும்பவில்லை என்பது பொய். மக்கள் விரும்பியதை நீதிமன்றம் தொடர்ந்து தள்ளுபடி செய்கிறது.

பேச்சுரிமையைப் போற்றும் நாட்டில் இது தவிர்க்கவியலாதது என்பாருக்கு அண்டை நாடான கனடா விடை தருகிறது. தேர்தல் காலத்தில் வெளியார் செலவுக்கு வரம்பு விதித்த சட்டத்தை 2004 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. பணம் படைத்தோர் குரல் மற்றோர் குரலை மூழ்கடித்துவிடாமல் காப்பது, சுதந்திரமான தேர்தலின் ஒரு பகுதியே என்றது. அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடித் தோற்றவர் ஸ்டீபன் ஹார்ப்பர். இரண்டு ஆண்டுகளில் அவர் பிரதமரானார். செலவு வரம்பு அவர் வாயை அடைத்துவிடவில்லை.

இறுதியாக, இது ஏன் நம் கவலை?

அமெரிக்காவில் நீதிமன்றம் 1976 இல் செய்ததை இந்தியாவில் நாடாளுமன்றம் அதற்கு முன்பே செய்தது. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று 1974 இல் கன்வர்லால் குப்தா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டத்தைத் திருத்தி அத்தீர்ப்பைச் செயலற்றதாக்கினர். இன்றும் மக்களவை வேட்பாளருக்கு வரம்பு உண்டு. அவர் கட்சிக்கு இல்லை. வாசலில் பூட்டு, கொல்லையில் சுவரில்லை என்ற அதே வீடுதான்.

2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை அரசமைப்பு அமர்வு ஒருமனதாக நீக்கியபோது, நாம் கொண்டாடியது ஒன்றை மட்டுமே: வாக்காளரின் அறியும் உரிமை. தீர்ப்பின் மற்றொரு பகுதியை நம் கருத்தரங்குகள் மறந்துவிட்டன. நிறுவனங்கள் அளவின்றி நன்கொடை தரலாம் என்று 2017 இல் செய்த திருத்தத்தையும் அதே அமர்வு நீக்கியது. நிறுவனத்தையும் தனிமனிதரையும் ஒரே தட்டில் வைப்பது தவறு, அளவற்ற நிறுவனப் பணம் தேர்தல் சமத்துவத்தைக் குலைக்கும் என்பதே அதன் தர்க்கம். அதாவது, பெயரை வெளியிட்டால் போதும் என்ற நிலைப்பாட்டை நம் நீதிமன்றம் ஏற்கவில்லை. அமெரிக்க நீதிமன்றம் 1976 இல் அந்நியம் என்று ஒதுக்கிய சமத்துவத்தை அது கையில் எடுத்தது. அந்தப் பாதி தீர்ப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, 'அமெரிக்க மாதிரி' என்ற பெயரில் அளவற்ற பணத்தை அட்டவணையோடு இறக்குமதி செய்யச் சொல்வது, கையிலிருப்பதை எறிந்துவிட்டுக் கடன் கேட்பதற்கு ஒப்பாகும்.

வெளிப்படைத்தன்மை வேண்டாம் என்று யாரும் இதைத் திரிக்க வேண்டாம். அது வேண்டும், அது முதற்படி. ஆனால் பெயரை அறிவது நோயாளிக்குத் தன் நோயின் பெயர் தெரிவதைப் போன்றது. மருந்து வேறு. செலவுக்கு வரம்பு, கட்சிக்கும் அவ்வரம்பு, சிறு நன்கொடைக்குப் பொதுநிதித் துணை, நடவடிக்கை எடுக்கும் துணிவுள்ள ஆணையம் ஆகியவற்றைப் பற்றி அடுத்த கருத்தரங்கு பேசட்டும்.

பேராசிரியர் இப்பதிவைக் காண நேர்ந்தால், அவர் மீது எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறையவில்லை என்பதை அறிவாராக. ஃபேர்ஷேக் எடுத்துக்காட்டில் எந்தப் பெயர் மறைக்கப்பட்டது, எந்த வெளிப்பாடு குறைந்தது என்று அவர் சொல்லட்டும். அக்கேள்விக்கு விடை கிடைத்தால் என் ஆய்வேட்டின் நான்காம் இயலைத் திருத்தி எழுத நான் ஆயத்தம்.